31, 43, 77: கொழும்பு வெளிச்சத்தில் பென்டாக்ஸ் லிமிடெட் லென்ஸ்கள்

பென்டாக்ஸ் என்றால் கொழும்பில் முக்கால்வாசிப் பேருக்கு அலுமாரிக்குள் தோல் உறையோடு கிடக்கும் கே1000 தான் ஞாபகம் வரும். 1976இல் வந்த கமரா அது. 1997 வரை செய்துகொண்டே இருந்தார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்த மாமா யாராவது ஒன்றைக் கொண்டுவந்திருப்பார். அதனால் நான் பென்டாக்ஸில் படம் எடுக்கிறேன் என்றதும் வரும் முதல் கேள்வி, "அந்தக் கொம்பனி இன்னும் இருக்குதா?" என்பதுதான்.

இருக்கிறது. சின்னதாக, தன் பாட்டில் இருக்கிறது. 1919இல் டோக்கியோவில் மூக்குக்கண்ணாடி வில்லை செய்யத் தொடங்கிய அசாஹி ஆப்டிக்கல் தான் இதன் மூலம். ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்எல்ஆரை (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடியால் திருப்பிப் பார்த்து எடுக்கும் கமரா) 1952இல் செய்தவர்கள் இவர்கள். பிறகு ஹோயாவின் கைக்குப் போய், 2011இல் ரிக்கோவிடம் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் பக்கம் சாய்ந்த பிறகும், நாங்கள் எஸ்எல்ஆரை விடமாட்டோம் என்று 2020இல் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2023இல் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர், அடுத்த வருடமே புதிதாக வடிவமைத்த ஒரு ஃபிலிம் கமரா. சந்தையைப் பிடிக்க ஓடும் கொம்பனி இதைச் செய்யாது. தங்களிடம் வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று தெரிந்து, அந்தக் கொஞ்சப் பேருக்காக மனம் வைத்துச் செய்கிற இடம் அது. அந்த மனம் எங்கே அதிகம் தெரிகிறது என்று கேட்டால் எஃப்ஏ லிமிடெட் லென்ஸ்கள் மூன்றைத்தான் காட்டுவேன்: 43 மி.மீ. (1997), 77 மி.மீ. (1999), 31 மி.மீ. (2001).

என்னைப் பற்றி ஒரு வரி. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கல்யாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று படம் எடுப்பதுதான் தொழில். தொழிலுக்கு வேறு கொம்பனியின் மிரர்லெஸ் கமராக்கள். அவை வேகமானவை, நம்பிக்கையானவை, அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்காக எடுக்கும் படங்களுக்கு மட்டும் பென்டாக்ஸ் கே-1 மார்க் 2, 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் உள்ள 'முழுச் சட்ட' எஸ்எல்ஆர். அதில் இந்த மூன்றில் ஒன்று.

முதலில் அந்த எண்கள். அவை லென்ஸின் குவியத்தூரம், எண் குறைந்தால் படத்துக்குள் கூடுதல் இடம் வரும். மற்றக் கொம்பனிகள் எல்லாம் 35, 50, 85 என்று செய்துகொண்டிருக்க, இவர்கள் மட்டும் ஏன் 31, 43, 77? மூன்றில் கணக்கு நேராக விளங்குவது 43இல் தான். 35 மி.மீ. ஃபிலிமின் சட்டம் 36க்கு 24. அதன் மூலைவிட்டத்தைப் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுப் பார்த்தால் 43.27 வரும். சட்டத்தின் மூலைவிட்டமும் லென்ஸின் குவியத்தூரமும் ஒன்றாக இருந்தால் அதுதான் 'நோர்மல்' லென்ஸ் என்பது பழைய பாடம். ஆனால் 50ஐத்தான் எல்லோரும் நோர்மல் என்று விற்றார்கள், விற்கிறார்கள். பென்டாக்ஸ் அந்தப் பாடத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு ஒரு லென்ஸ் செய்தது.

ஏழு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கொழும்பில் வரும். நம்முடைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் முன்னறையில் சோபா, சாமிப்படம், டிவி, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். 50ஐ மாட்டினால் முதுகு சுவரில் முட்டிய பிறகும் பெரியம்மாவின் முழங்கைக்குக் கீழே வெட்டுப்படும். 35க்குப் போனால் முழுதும் வந்துவிடும், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் மூக்கும் கையும் கொஞ்சம் பெரிதாகும். 43இல் நான் கதிரையில் இருந்தபடியே, எதிரே இருப்பவர் மடியில் வைத்திருக்கும் தேத்தண்ணிக் கோப்பையையும் முகத்தையும் சேர்த்து எடுக்கிறேன். முகம் முகமாக இருக்கிறது. அறையும் உள்ளே வருகிறது. செட்டியார் தெருவிலும் இதே கதைதான். நடைபாதைக்கும் நகைக்கடை வாசலுக்கும் இடையில் கிடைக்கும் தூரம் இந்த லென்ஸுக்கென்றே அளந்து விட்டது போல இருக்கும்.

சரி, லென்ஸைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 155 கிராம். தடிப்பு 27 மி.மீ. தான். இதே பென்டாக்ஸ் 2018இல் விட்ட 50 மி.மீ. எஃப் 1.4 ஸ்டார் லென்ஸ் 910 கிராம், உள்ளே பதினைந்து கண்ணாடித் துண்டுகள். இதில் ஏழே ஏழு. உடம்பு அலுமினியம். வெளிச்சம் புகும் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரலுக்குத் தெரியும்படி 'டிக்' என்று நிற்கும். எண்கள் பெயின்ட் அடித்தவை இல்லை, செதுக்கி நிறம் நிரப்பியவை. கமராவில் மாட்டும் பக்கமான மவுண்டுக்குப் பக்கத்தில் சோளப்பொரிக்குள் தப்பிய விதை அளவில் பச்சை எனாமல் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். இருட்டில் லென்ஸ் மாற்றும்போது அதைப் பெருவிரலால் தடவி, எந்தப் பக்கம் மேலே என்று கண்டுபிடித்து மாட்டலாம். கோயில் தேர் வரும் நேரம், ஒரு கையில் கமரா, மற்றக் கையில் லென்ஸ், கண் தேரில் என்று நிற்கும்போதுதான் அந்தக் குமிழின் அருமை தெரியும். இன்றைக்கு வரும் லென்ஸ்களில் அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் குத்தி விடுகிறார்கள்.

இனிப் படம். எஃப் எண் குறையக் குறைய அப்பர்ச்சர் துவாரம் பெரிதாகும். 43ஐ எஃப் 1.9இல் முழுதாகத் திறந்து எடுத்தால் நடுப்பகுதி நன்றாகக் கூர்மையாக இருக்கும். ஓரங்கள் இராது. போக்கஸ் விழும் தளம் தட்டையாக இல்லாமல் சற்று வளைந்திருப்பதால் மூலைகள் இளகிப் போகும். எஃப் 5.6 வரை மூடினால்தான் நான்கு மூலையும் ஒழுங்குக்கு வரும். பரிசோதனை அட்டையைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து மதிப்பெண் போடுகிறவர்கள் இந்த லென்ஸுக்கு அதிகம் போட மாட்டார்கள். பின்னணியில் இலை, கம்பிவலை, மின்விளக்குச் சரம் என்று நெருக்கமாக இருந்தால் மங்கலும் அவ்வளவு மென்மையாக வராது, கோடுகள் இரட்டித்து நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லாம் பஞ்சு போலக் கரைய வேண்டும் என்று எதிர்பார்த்து 43ஐ வாங்காதீர்கள்.

பிறகு ஏன் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்? எடுத்த படத்தில் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னே வந்து நிற்பதுதான் காரணம். வெட்டி ஒட்டியது போல் அல்ல, நடந்து வந்து நின்றது போல். எஃப் 2.8, எஃப் 4 என்று மூடிய பிறகும் அது போவதில்லை. இந்த மூன்றையும் வடிவமைக்கும்போது அளவெடுக்கும் கருவி சொல்லும் எண்களை மட்டும் பார்க்காமல், எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்தே தீர்மானித்ததாகப் பென்டாக்ஸ் சொல்கிறது. ஒரு லென்ஸில் எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் பூச்சியமாக்க முடியாது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று தலைதூக்கும், அல்லது கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பாரமும் கூடும். எந்தப் பிழையை எவ்வளவு விட்டுவைப்பது என்பதில்தான் வடிவமைப்பவரின் கண் தெரிகிறது. 43இல் மூலையை விட்டுக்கொடுத்து நடுவில் நிற்கும் மனிதருக்கு உருவமும் திரட்சியும் கொடுத்திருக்கிறார்கள். நான் மூலையில் யாரையும் நிறுத்திப் படம் எடுப்பதில்லை. எனக்கு இந்தப் பேரம் சரி.

இதில் நம் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லென்ஸின் இளக்கத்தை வேண்டுமென்றே படத்தின் அழகாக எடுத்துக்கொண்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் ஜூலியா மார்கரெட் கெமரன். 1875இல் இங்கிலாந்திலிருந்து கணவரோடு இலங்கைக்கு வந்தவர், 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. போக்கஸே இல்லை என்று அந்தக் காலப் புகைப்பட விமர்சகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவரோ கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் லென்ஸைத் திருப்பவில்லை. இன்றைக்கு அவருடைய முகப்படங்கள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. கூர்மை ஒரு நல்ல குணம்தான். அது ஒன்றே குணம் என்று நினைக்கும் படப்பிடிப்பாளர்களோடு கதைக்கும்போதெல்லாம் இந்த அம்மாவைத்தான் இழுக்கிறேன்.

77க்கு வருகிறேன். என் கணக்கில் மூன்றிலும் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை.

270 கிராம், எஃப் 1.8, ஒன்பது தகடுள்ள அப்பர்ச்சர். வெயில்மறைப்பு லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, இழுத்தால் வெளியே வரும். 85 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸைத் தூக்கிக் குறிபார்த்தால் முன்னால் இருப்பவர் கொஞ்சம் விறைத்துப் போவார், அது பெரிய உருளை. இதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சின்னக் கமராவில் ஏதோ எடுக்கிறார் என்று தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

செட்டியார் தெருவில், கதிரேசன் கோயிலுக்குக் கிட்ட, மாலை கட்டும் ஓர் அம்மாவை இதில் எடுத்தேன். மேலே நீலத் தறப்பாள். பக்கவாட்டில் தெருவின் வெளிச்சம். எஃப் 2.4இல் வைத்தேன். "என்ன தம்பி, பூவையா எடுக்கிறீங்க, என்னையா?" என்று கேட்டார். "உங்கட கையை அம்மா" என்றேன். "கையில என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டு நாரை விரலில் சுற்றி இழுத்தார். படத்தில் ஆள்காட்டி விரலில் நார் அறுத்து அறுத்துப் பதிந்த கோடு தெரிகிறது, மஞ்சள் படிந்த நகம் தெரிகிறது, விரலுக்குப் பின்னால் மல்லிகை மொட்டுகள் ஒவ்வொன்றாக வட்டமாகி வட்டமாகிக் கரைந்து, இன்னும் பின்னால் அவருடைய சேலை ஒரு நிறமாக மட்டும் நிற்கிறது. தறப்பாளின் நீலம் தோலில் இறங்கி முகத்தைக் கெடுத்திருக்க வேண்டும். கெடுக்கவில்லை, கழுத்தின் நிழலில் மட்டும் நின்றது. நம்முடைய கறுத்த, மாநிறத் தோலை இந்த லென்ஸ் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மினுக்கமும் நிழலும் ஒன்றுக்குள் ஒன்று படிப்படியாக இறங்கும், இடையில் திடீர் வெட்டு இருக்காது. தொழில் கமராவில் அதே இடத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூர்மையில் அதுதான் மேல். எந்தப் படத்தைப் பிரின்ட் போட்டேன் என்று கேட்டால் 77இன் படத்தை.

அதன் குறை ஊதா விளிம்பு. முழுதாகத் திறந்து, பின்னால் வெளுத்த வானம் இருக்க, முன்னால் தென்னோலை வந்தால் ஒவ்வொரு ஓலைக்கும் ஊதாக் கரை போட்டு அனுப்பும். கல்யாணச் சேலையின் சரிகையில் பிளாஷ் பட்டாலும் இதே தான். எஃப் 4 வரை மூடினால் பெரும்பாலும் போய்விடும், மிச்சத்தை மென்பொருளில் எடுக்கலாம். 70 சென்ரிமீட்டருக்குக் கிட்டப் போகவும் விடாது. காதின் தோட்டை மட்டும் பெரிதாக எடுக்க நினைத்தால் இது அதற்கான லென்ஸ் இல்லை.

31ஐ எல்லோரும் மூன்றில் முதலாவதாகப் போற்றுகிறார்கள். நன்றாக இருக்கிறது, ஓரம் வரை சமமாகக் கூர்மை, கோடுகளும் வளையாமல் நிற்கும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை, தெருவின் தள்ளுவண்டிகளோடும் மூட்டை தூக்குபவர்களோடும் சேர்த்து எடுக்க இதைவிட நல்லது என்னிடம் இல்லை. 30 சென்ரிமீட்டர் வரை கிட்டப் போகலாம். ஆனால் 345 கிராம், விலையும் மூன்றில் அதிகம். முன்னாலுள்ள வெயில்மறைப்பு லென்ஸோடு ஒட்டியே இருப்பதால் கழற்ற முடியாது. அதன் மேல் போடும் உலோக மூடியின் உட்பக்கத்தில் வெல்வெட் துணி ஒட்டியிருக்கிறார்கள், வைத்து அழுத்தினால் போதும். பார்க்க வடிவு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி இறங்கினால் கழன்று பைக்குள் விழுந்து கிடக்கும். முழுச் சட்டத்தைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சர் உள்ள கமரா வைத்திருப்பவருக்கு 31 தான் ஏறக்குறைய 47 மி.மீ. பார்வையைக் கொடுக்கும், அவர் 43ஐ விட்டு நேரே இதற்குப் போவது புத்தி. என்னைப் போல் முழுச் சட்டத்தில் எடுப்பவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் சத்தம். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கமராவுக்குள் இருக்கும் மோட்டார், மவுண்டில் துருத்தி நிற்கும் சின்னத் திருகு முனையால் லென்ஸைச் சுழற்றும். 'கிர்க், கிர்க்' என்று கேட்கும். தெருவில் அது காதில் விழாது. கோயிலில் மேளம் நின்று தீபாராதனை காட்டும் நேரத்தில் நன்றாக விழும், முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஓட்டோபோக்கஸ் ஓடும்போது போக்கஸ் வளையமும் சேர்ந்து சுழலும், விரலை அதில் வைத்திருக்கக் கூடாது. ஓடும் பிள்ளையைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்றால் இந்த லென்ஸையும் இந்தக் கமராவையும் நம்பாதீர்கள். வீடியோ எடுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஆனால் அந்தப் பழைய முறையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. லென்ஸுக்குள் கெட்டுப் போக எலக்ட்ரோனிக் மோட்டார் இல்லை. கொழும்பில் இந்தக் கொம்பனியின் லென்ஸுக்கு உதிரிப்பாகம் தேடுவது லேசான காரியம் இல்லை என்பதால் இது எனக்குப் பெரிய ஆறுதல். பென்டாக்ஸின் கே மவுண்ட் 1975இல் வந்தது, இன்றைக்கும் அதே மவுண்ட்தான். அப்பர்ச்சர் வளையம் இருப்பதால் இந்த 43ஐக் கழற்றி நேரே கே1000இல் மாட்டி ஒரு ரோல் எடுக்கலாம். கே-1இல் மாட்டினால் அதே லென்ஸுக்குக் கை நடுக்கம் தாங்கும் வசதியும் கிடைத்துவிடுகிறது, அது கமராவின் சென்சரில் இருப்பதால். வேறு கொம்பனி மிரர்லெஸ் வைத்திருப்பவரும் சாதாரண அடப்டர் ஒன்றைப் போட்டு, அப்பர்ச்சரைக் கையால் திருப்பி, போக்கஸையும் கையால் பிடித்து எடுக்கலாம். வளையம் இல்லாத பிற்கால டிஏ லிமிடெட் லென்ஸ்களில் இது அவ்வளவு சுலபமில்லை.

இனிக் கொழும்பில் லென்ஸ் வைத்திருப்பவர் யாருக்கும் தெரிந்த எதிரி, பங்கஸ். காற்றில் ஈரப்பதன் எழுபது எண்பது சதவீதத்தில் நிற்கும் ஊர் இது. மூடிய லாச்சிக்குள் சில மாதம் கிடந்தால் போதும், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படரும். பூச்சை அரித்து, விட்டுவைத்தால் கண்ணாடியையும் அரிக்கும். எஃப்ஏ லிமிடெட் மூன்றுக்கும் மழைக்கோ தூசுக்கோ ரப்பர் தடுப்பு கிடையாது. மெரின் டிரைவில் அந்தியில் நின்றால் உப்புக் காற்று நேரே முன்கண்ணாடியில் வந்து படியும். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுபந்தால் தூசைத் தள்ளிவிட்டு, பிறகு துணியால் துடைக்க வேண்டும். உப்புத் தூசு இருக்கும்போதே துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

ஈரப்பதனை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருக்கும் மின்சாரப் பெட்டி நல்லது. அதற்குக் காசு இல்லாவிட்டால் காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். ரொம்பவும் வரட்டவும் கூடாது. அப்புறம், ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் லென்ஸில் படியும் ஆவி. அதைத் துடைத்துத் துடைத்துப் பயனில்லை. மண்டபத்துக்குள் போவதற்குக் கால் மணி முன்னரே இறங்கி, பையின் சிப்பைத் திறக்காமல் லென்ஸில் வெளிச் சூடு ஏற விடுங்கள். எல்லா லென்ஸுக்கும் பொருந்தும் விஷயம் இது, தடுப்பு இல்லாத லென்ஸுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான பராமரிப்பு, அடிக்கடி எடுத்துப் பாவிப்பது. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் லென்ஸில் பங்கஸ் சீக்கிரம் குடியேறுவதில்லை.

வாங்குவது எப்படி? நான் ஏறி இறங்கிய கடைகளில் இவை புதிதாக அடுக்கி வைத்திருக்கக் கண்டதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லிவிடுவது, அல்லது கைமாறி வருவதைப் பிடிப்பது, இரண்டே வழி. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டிய பிறகு, புது லென்ஸ் என்ற பேச்சே எங்கள் வட்டத்தில் குறைந்துவிட்டது. அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, பலர் தங்கள் பழைய லென்ஸ்களை வெளியே எடுத்தார்கள், விற்றார்கள், மாற்றினார்கள். கைமாறியது வாங்குகிறீர்கள் என்றால் பகலில் போய்ப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்தில் சரித்துச் சரித்துப் பார்க்க வேண்டும். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சரிக்கும்போதுதான் நூல் தெரியும், பால் போன்ற மங்கல் தெரியும். தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பாருங்கள். பிறகு டைல் ஒட்டிய சுவர் ஒன்றை நேரே நின்று எஃப் 2.8இல் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளகினால் அது 43இன் சுபாவம். ஒரு பக்கம் மட்டும் இளகினால் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், காசைப் பைக்குள் வையுங்கள்.

திறந்து துடைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம். இந்தப் பக்கம் ஒரு திருத்துமிடத்தில் கொடுத்து, பங்கஸ் போய் மையம் விலகி வந்த லென்ஸ் ஒன்றை நண்பர் வைத்திருக்கிறார். ஓரத்தில் ஒரு சின்ன நூல் இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது, விலையைக் குறைத்து வாங்கி, உலர வைத்து, பாவித்துக்கொண்டே இருக்கலாம்.

கடைசியாக, பழையதா, 2021இல் வந்த எச்டி பதிப்பா என்ற கேள்வி. உள்ளே கண்ணாடி அமைப்பு மாறவில்லை. மாறியது பூச்சும், அப்பர்ச்சர் துவாரத்தின் வட்டமும். முன்கண்ணாடியில் எண்ணெயும் நீரும் ஒட்டாத ஒரு மேற்பூச்சும் சேர்த்திருக்கிறார்கள், விரல் அடையாளம் ஒரு துடைப்பில் போகும். பழையதில் இருப்பது எஸ்எம்சி என்ற பல அடுக்குப் பூச்சு. 1971இல் இவர்கள் கொண்டுவந்த அதன் பெயர் அன்றைக்கே பெரிது, இன்றைக்கும் அது பலமான பூச்சுத்தான். வித்தியாசம் தெரிவது எதிர்வெளிச்சத்தில். நம் கடல் மேற்கில் இருப்பதால் காலி முகத்திடலிலோ வெள்ளவத்தைக் கரையிலோ மாலையில் எதை எடுத்தாலும் சூரியன் சட்டத்துக்குள் அல்லது சட்டத்தின் ஓரத்தில் நிற்கும். ரயில் தண்டவாளத்தோரம் நடப்பவர்களைச் சூரியனுக்கு எதிரே வைத்து 43இல் எடுக்கும்போது எச்டியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பழையதில் ஒரு மெல்லிய வெளிச்சத் திரை விழும், சில நாள் அதுவே படத்துக்கு அழகு. கடற்கரையில் அதிகம் எடுப்பவர் 43ஐ எச்டியில் தேடலாம். 77க்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம், சுத்தமான பழையது ஒன்று ஜப்பானிலோ, பின்னாளில் வியட்நாமிலோ செய்ததாக இருந்தாலும், கையில் கிடைத்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.